வாள் உயரத்துக்குக் கீழே

“தெரியாமத் தொறந்துட்டான்னு சொல்றவன் பூராக் கேனையன்டா. தெரிஞ்சேதான் தொறந்தான்.”

அது கோகிலாவுக்குச் சொன்னதல்ல. காந்திபுரத்தில் ஏறி, மேல்கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த இரண்டு கல்லூரிப் பையன்களில் தாடிக்காரன் மற்றவனிடம் சொன்னது. சுங்கம் சிக்னலில் பேருந்து நின்று இன்ஜின் சத்தம் அடங்கிய கணத்தில் அந்த வாக்கியம் மட்டும் தனியாகப் பிரிந்து அவளுடைய ஜன்னலோரத்துக்கு வந்தது. யாரைச் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெர்கானைத்தான். ‘ஏழாம் வாசல்’ வீடியோ விளையாட்டின் தளபதி வெர்கானை. அவள் அந்த விளையாட்டைப் பலமுறை ஆடி முடித்திருந்தாள். அதைப் பற்றி அரட்டை அடிக்கும் இணையக் குழுவில் அவளை எல்லோரும் ‘ப்ரோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திருத்தியதில்லை. அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றால் சுவரோரமாக நடந்து போகிறவள், அந்தக் குழுவில் மட்டும் வெர்கானின் இடுப்புக் கச்சையின் நிறம் வரைக்கும் பக்கம் பக்கமாக எழுதுவாள். இப்போது எழுந்து நின்று, தம்பி, நீங்கள் சொல்வது பாதிதான் சரி என்று சொல்லலாம். சொல்ல மாட்டாள். மடியில் போன் அதிர்ந்தது. ‘சிந்து அம்மா’ என்று திரை ஒளிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த பிறகும் துப்பட்டாவுக்கு அடியில், தொடையின் சதையில், பிடித்து வைத்த வண்டு போல அது துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. சாயங்கால வெயில் எதிர்க் கடையின் ஷட்டரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. “உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நின்னு பால் காய்ச்சறீங்களா?” என்று கண்டக்டர் கத்தினார். பையன்கள் சிரித்துக்கொண்டே ஒரு அடி உள்ளே நகர்ந்தார்கள், அவளுக்கு இன்னும் பக்கத்தில்.

ஏழு மதில் கொண்ட கோட்டை அது. ஆறு மதிலைச் செந்நாய் அரசனின் படை இடித்துவிட்டது, ஏழாவதின் சாவி வெர்கானின் இடுப்பில். ஆட்டம் தொடங்கும்போது நமக்கு வாள் பிடிக்கச் சொல்லித் தருகிறவன் அவன்தான். முற்றுகையில் பசி வந்தபோது காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டை நம் பக்கம் நீட்டுகிறவனும் அவன்தான். அந்தப் பெரிய துண்டுதான் கோகிலாவை விடுவதில்லை. கொல்லப் போகிறவன் எதற்குப் பெரிய துண்டைக் கொடுத்தான்? அவனே போய் வாசலைத் திறக்கிறான். அப்போது ஆடுகிறவர் தொடையில் அம்பு தைத்துப் படிக்கட்டில் கிடப்பார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எழ முடியாது, தலையை மட்டும் திருப்பலாம். தரையையே பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியைக் கடந்தவர்கள் குழுவில் நிறையப் பேர். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொல்லனின் மனைவி உலைக் கங்குகளை அள்ளி வீசுவாள், அடுத்த வீச்சுக்கு அவளுக்குக் கை இருக்காது. கிணற்றுக்குள் குதித்தவர்கள் மேல் இன்னும் குதிப்பார்கள், கடைசியாகக் குதித்தவர்கள் நனையவே மாட்டார்கள். மாவுக் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக உட்காருவார், விரல்களுக்கிடையே மாவும் ரத்தமும் பிசைந்து வரும். அந்தப் பிசைவைப் பார்த்த மறுநாள் அவளால் சப்பாத்தி சாப்பிட முடியவில்லை, ஆனாலும் மறுபடி ஆடினாள். அவள் பார்க்க நினைத்தது சாவுகளை அல்ல, அவனுடைய முகத்தை. கதவு திறக்கும்போது வெர்கான் உள்ளேயும் பார்ப்பதில்லை, வெளியேயும் பார்ப்பதில்லை. சாவியைப் பார்க்கிறான். அதன் துருவைத் தன் அங்கியில் துடைத்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொள்கிறான். இனி எதையும் பூட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தவன் சாவியைத் துடைப்பானா? துடைக்கவும் துடைப்பான். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். அவளுடைய கையே இப்போது போனைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தது.

சிந்துஜாவின் அம்மா தனபாக்கியமும் அப்படித்தான், பேசும்போது எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். கல்லூரி விடுதியில் கோகிலாவும் சிந்துஜாவும் ஒரே அறை. ஒரு பொங்கலுக்குத் தாராபுரம் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தாள். தனபாக்கியம் ஒப்புட்டுப் போளியின் மேல் நெய்யை ஊற்றி, தட்டின் விளிம்பை முந்தானையால் துடைத்து நீட்டினாள். “அம்மிணி, நீ நம்ம புள்ளையாட்டம். கூச்சப்படாம உங்கு கண்ணு,” என்றாள். சிந்துஜாவுக்கு ஒன்று வைத்தால் அவளுக்கு இரண்டு. அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை. சிந்துஜாவின் அண்ணன் பூபதி குழம்பில் உப்புக் கூடிப்போனால் எதுவும் சொல்ல மாட்டான், கிண்ணத்தை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போவான். தனபாக்கியம் உடனே குனிந்து துடைப்பாள். அவளுடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது, பாத்திரம் கழுவும் சலதாரையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் குத்துவிளக்கின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிந்துஜா ஒருமுறை விடுதிக்குத் திரும்பியபோது வலது கை விரல் நகங்கள் கறுத்துப் போயிருந்தன. போன் யாருடன் என்று கேட்டு, போனைப் பிடித்திருந்த கையோடு சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறான் பூபதி. அவள் அந்த நகங்களுக்கு அடர் சிவப்பில் பாலிஷ் போட்டுக்கொண்டாள். “கருப்பு தெரியுதாடி?” என்று கையை வெளிச்சத்தில் காட்டினாள். தெரியவில்லை என்று கோகிலா பொய் சொன்னாள். போனில் அன்று பேசியவன் பிரேம்குமார். இப்போது சிந்துஜாவின் புருஷன். வேறு சாதி ஆட்கள். கல்யாணம் முடிந்து பாதுகாப்புக் கேட்டுப் போன காவல் நிலையத்தில், எல்லோர் முன்னிலையிலும் சிந்துஜாவின் அப்பா, எனக்குப் பொண்ணே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பூபதி ஒன்றும் சொல்லாமல் பிரேமின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றானாம். முகத்தை இல்லை, கழுத்தை. சிந்துஜா அதைச் சொன்னபோது தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டாள்.

அவர்கள் இருக்கும் இடம் கோகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். ஓசூரில், பேருந்து நிலையம் தாண்டி ஒரு சந்தில், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒற்றை அறை. கோகிலா அவர்களுக்குக் குக்கர் வாங்கிக்கொண்டு போனபோது சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள், திரும்பி வந்து சிரித்தாள், பிறகு அம்மாவை நினைத்து அழுதாள். “நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லீராத. முழுகாம இருக்கேன்னு வேணா அம்மாகிட்டச் சொல்லு. கேட்டா சந்தோசப்படும்.” கோகிலா சொன்னாள். அவளும் அதையே நம்பினாள். யாருடைய வீட்டில்தான் இல்லை, ஓடிப்போனவர்கள் குழந்தையோடு வாசலில் வந்து நிற்பதும், பாட்டிக்காரி முதலில் கதவைச் சாத்துவதும், பிறகு குழந்தை அழுததும் ஓடி வந்து தூக்குவதும். பிள்ளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே நம்புகிறது, அவள் மட்டும் நம்பாமல் இருப்பாளா? ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டதும் தனபாக்கியம் “அப்பிடியா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து அழைப்புகள் தொடங்கின. அட்ரஸ் சொல்லு கண்ணு, சிந்து அப்பாவுக்கு நெஞ்சு வலி, பொண்ணப் பாக்கோணும்ங்கறாரு. அட்ரஸ் சொல்லு சாமி, வளைகாப்பு போடோணும். அப்படியென்றால் சொன்னது தப்பா? சொல்லும்போதே எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்ததா? ஓடிப்போனவளை மறந்துவிடலாம், ஊருக்குக்கூட மறந்துபோகும், ஆனால் பிரேமின் ரத்தத்தில் ஒரு பிள்ளை பிறந்து அந்தத் தோட்டத்தின் வரப்பில் நடக்கும் என்றால் பூபதி விடமாட்டான் என்று அவளுக்கு உண்மையிலேயே தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் சொல்லியிருப்பாளா? வெர்கானிடம் கேட்டால் அவனும் இதையே சொல்வான். பேருந்து குலுங்கியது. ஜன்னல் கம்பியில் நெற்றி இடித்தது, வலி நன்றாக இருந்தது.

“ஏன்டா, அவன் சும்மாவா தொறந்தான்? சத்தியம் வாங்கிட்டுத்தான தொறந்தான்?” மற்றப் பையன், கண்ணாடி போட்டவன், விடவில்லை. “வாள் உயரத்துக்குக் கீழ இருக்கற கொழந்தைங்கள தொட மாட்டேன்னு நெருப்புல கை வெச்சு அந்த ராஜா சொல்றான்ல? நல்லவன்டா. ஏமாந்துட்டான்.”

“நல்லவனாம். நீ அவனுக்கு மாலை போட்டுச் செல்ஃபி எடுத்துக்கோ போ.”

“உனக்குத் துரோகின்னா மீசை முறுக்கிட்டு ஹா ஹான்னு சிரிக்கணும்.”

“உன்ற மாமா சிரிப்பாரே, அந்த மாதிரி.” இருவரும் கம்பியில் தொங்கியபடி ஒருவரை ஒருவர் முட்டியால் இடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், “யார்றா அது, உங்க காலேஜ் வாத்தியாரா?” என்று கேட்டாள். “ஆமாங்க்கா, எங்க எச்ஓடி,” என்றான் தாடிக்காரன்.

கோகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம், அந்த மன்னன் வாக்குத் தவறவில்லை. படை உள்ளே வந்ததும் வாசலில் ஒரு வாளை நட்டார்கள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் நிற்க வைத்து அளந்தார்கள். பிடிக்குக் கீழே நின்றால் ஒரு பக்கம், பிடியைத் தாண்டினால் இன்னொரு பக்கம். ஒரு பெண் தன் பையனின் தோளை அழுத்துவாள், குனிடா, குனிடா என்று. அவனுக்குப் புரியாமல் இன்னும் நிமிர்வான். ஒரு சிறுமி தலையில் கட்டியிருந்த கொண்டையை அவிழ்த்துவிடுவாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனையும் வெர்கானுக்குத் தெரிந்திருந்ததா? குழுவில் கருத்துக் கேட்டபோது பாதிப் பேர் தெரியாது என்றார்கள். அவளால் எந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை. சத்தியம் கேட்டானே, அது கருணை இல்லையா? கருணைதான். ஆனால் கருணை எதற்கு எல்லை கட்டியது? உள்ளே வந்து யாரையும் தொட மாட்டாய் என்று கேட்டிருக்கலாமே. கேட்டால் அந்த மன்னன் சத்தியம் செய்யமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். பிழைக்க வேண்டியவர்களை உயரம் சொல்லிப் பிரித்தபோதே, மற்றவர்களை அவன் மனதுக்குள் வெட்டி முடித்துவிட்டான். யாரெல்லாம் சாக மாட்டார்கள் என்று வாயால் சொல்லிக் கேட்கிறவனுக்கு மீதி எல்லாம் தெரியும். தெரியாமல் இப்படி ஒரு சத்தியத்தை ஒருவன் கேட்கவே முடியாது. இதை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை? கண்ணாடிக்காரப் பையனிடம் சொல்ல வாய் வந்தது. வந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் நேற்று தனபாக்கியம் போனில் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது.

“சூடம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு கண்ணு சிந்து அப்பா. மாரியம்மங் கோயில்ல வெச்சு. பூபதியும் அடிச்சான். என்ற புள்ளை மேல ஒரு கீறல் விழுகாது.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சத்தியத்தை அந்த வீட்டு ஆண்கள் மீறியதில்லை. அதில் சிந்துஜாவுக்கே ஒரு பெருமை உண்டு. மீறாததால்தான் அவர்கள் சத்தியம் செய்யும்போது சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார்கள். வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் கை வைக்கமாட்டேன் என்று பூபதி ஒருமுறை சூடம் அடித்தான். கை வைக்கவில்லை. ஒரு காலையில் அந்தத் தோட்டத்து நாய்கள் இரண்டும் கிணற்று உருளையில் கயிற்றோடு தொங்கின. ஒன்றுக்குப் பின்கால்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தனவாம். அவை வெகுநேரம் நீந்தப் பார்த்திருக்கும் என்றாள் சிந்துஜா. பூபதி அன்று காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, நாஞ் சொன்னதச் செஞ்சிருக்கறேன், அவன் மேல ஒரு விரல் பட்டிருக்குதா, கேளு என்றானாம். ஆக, ‘என்ற புள்ளை மேல ஒரு கீறல் விழுகாது.’ என்ற புள்ளை. தன் பெண் மட்டும், அவ்வளவுதான் சத்தியத்தின் உயரம். இத்தனை அழைப்புகளில் தனபாக்கியம் பிரேமின் பேரை ஒருதடவைகூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்றும் சொல்லவில்லை, அந்தப் பையன் என்றும் சொல்லவில்லை. ஓசூர்ச் சந்தில் அந்த மாடிப்படி குறுகலானது. இரண்டு பேர் மேலே ஏறினால் மூன்றாமவன் இறங்க முடியாது. பிரேம் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பனியனோடு நிற்பான், கழுத்து வெளியே தெரிய. மெலிந்த கழுத்து, சிரித்தால் குரல்வளை ஏறி இறங்கும். குக்கரில் எத்தனை விசில் என்று அவன்தான் எண்ணிக்கொண்டு நின்றான். அரிவாள் மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும், படிக்கட்டில் ஓங்க இடமில்லை. சுவரில் தெறிக்கும். சிந்துஜா மேல் ஒரு கீறல் விழாது, அவளைச் சுவரோடு பிடித்து நிறுத்திவைத்திருப்பார்கள், தலையை மட்டும் திருப்பலாம். பிறகு அவளைக் காரில் ஏற்றி, ஏதாவது ஊரில் ஏதாவது ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் இருப்பதை. அதுவும் ‘என்ற புள்ளை’ என்கிற சொல்லுக்குள் வராது. கோகிலா கண்ணை இறுக்க மூடினாள். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் ஒப்புட்டு? நெய்? அவளுக்கு இரண்டு வைத்தது? தனபாக்கியத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் பொறுக்கி எடுத்துக் கேட்டிருக்கிறாள், எனக்கு என் பெண் மட்டும் போதும் என்று. தன் வீட்டுச் சாவியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை நாள் அந்தக் குரலுக்கு இரங்கி, இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று இருந்திருக்கிறாள் கோகிலா. அந்த அம்மாளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த உடைந்த பல்லிலேயே அடிக்க வேண்டும். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கை முறுக்கி மடியில் கிடந்தது.

அந்தக் கைக்கு அடியில் போன் துடித்தது. சிந்து அம்மா. ஒலம்பஸ் நிறுத்தத்தில் பையன்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சண்டையிட்டபடியே. பூக்காரம்மாள் அவளைப் பார்த்து, “எடு கண்ணு, யாரோ பாவம் அடிச்சிட்டே இருக்கறாங்க,” என்றாள். எடுத்தாள்.

“கண்ணு, கேக்குதா?” தனபாக்கியத்தின் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. அவள் பின்னால் ஏதோ வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. யாரோ மிகப் பக்கத்தில் தொண்டையைச் செருமினார்கள். “எத்தனவாட்டி கூப்புடறது சாமி? சிந்து அப்பா சூடம் அடிச்சிருக்கறாரு. என்ற புள்ளை மேல ஒரு கீறல் விழுகாது. எங்கீன்னு மட்டும் சொல்லீரு.”

பெரியவர்களிடம் கோகிலா எதிர்க்கேள்வி கேட்டதேயில்லை. “அம்மா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி, “அம்மா. பிரேமுக்கும் அந்தச் சத்தியமுங்களா?” என்றாள்.

அந்தப் பக்கம் வண்டியின் உறுமல் மட்டும் கேட்டது. பேருந்து நகர்ந்தது. இப்போது தனபாக்கியம் சொல்லப் போகிறாள், அவனைப் பத்தி உனக்கென்ன என்று. அதைச் சொன்னதும் தெரிந்துவிடும், இனி சந்தேகம் என்று ஒன்று இருக்காது. கோகிலா போனைக் காதோடு நசுக்கிப் பிடித்தாள். தள்ளியிருந்து பூபதியின் குரல், “என்னங்கறா?” என்றது.

“ஆமாங் கண்ணு, கேக்குது, சொல்லு,” என்றாள் தனபாக்கியம்.

கோகிலா ஒன்றும் சொல்லவில்லை.

“திருச்செந்தூரா? அத்தன தொலைவுக்கா போயிட்டாங்க?”

திருச்செந்தூர் என்ற பேரையே கோகிலா எடுத்திருக்கவில்லை.

“டேய் பூபதி, எழுதிக்க. திருச்செந்தூரு.” போனுக்கு வெளியே திரும்பிச் சொன்ன குரல் மறுபடி பக்கத்தில் வந்தது. “கோயிலுக்கு முன்னாலயா கண்ணு? ஓ, நாழிக் கெணத்துக்குப் போற வழியிலயா. போயிருக்கறேன், போயிருக்கறேன். மஞ்சப் பெயிண்ட்டு வீடு. கீழ மருந்துக்கடை, மேல மாடி. செரி. அவன் காத்தால வேலைக்குப் போயிட்டா இவ மட்டும் இருப்பாளா? பொழுதோட வந்துருவானா? செரிங் கண்ணு. செரி.”

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் எழுதுகிறவனுக்கு நேரம் விட்டுச் சொன்னாள். மண்ணில் செருப்புகள் நடந்தன. ஒரு கார்க் கதவு அறைந்து மூடியது, இன்னொன்று, மற்றொன்று. வண்டியின் சத்தம் தேய்ந்து போகும் வரைக்கும் தனபாக்கியம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கோகிலாவுக்கு அவள் மூச்சு கேட்டது.

பிறகு தனபாக்கியம் போனை வைத்துவிட்டாள்.